புள்ளிக்குப் பின்னால் யாருடைய பெயர்?

இணைய முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் துண்டைப் பற்றி இலக்கிய வாசகர்கள் கவலைப்படுவதில்லை. டாட் காம், டாட் இன் என்று ஏதோ ஒன்று இருக்கும். பக்கம் திறந்தால் போதும். மற்றது கணினிக்காரர்கள் பாடு. திஸ்கியா ஒருங்குறியா என்று இரவு பகலாக வாதாடிய காலத்திலும்கூட நம்மவர்கள் இந்தப் பின்னொட்டைத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. ‘.தமிழ்’ என்ற பின்னொட்டு ஒன்று நாளை பிறக்குமானால், அதன் உரிமை எந்த நிறுவனத்தின் கைக்கும் போகக் கூடாது. அதை ஏலத்தில் விடுவது ஊர்ப் புறம்போக்கை ஏலத்தில் விடுவதற்கு ஒப்பாகும் என்பது என் துணிபு.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையப் பெயர்களுக்கெல்லாம் உச்சியில் ‘வேர்’ எனப்படும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எந்தப் பின்னொட்டு ஏறலாம் என்று முடிவெடுப்பது ஐகான் என்னும் அமைப்பு, 1998இல் கலிஃபோர்னியாவில் பதிவுசெய்யப்பட்டது, இலாப நோக்கற்றது. ஏறிய ஒவ்வொரு பின்னொட்டையும் நடத்துவதற்கு ஒரு பதிவகம் உண்டு. நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொண்டால் போதும். எந்தப் பெயர் யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் பதிவகத்தின் கையில் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: சார்பதிவாளர் அரசு ஊழியர், பதிவகம் பெரும்பாலும் தனியார் நிறுவனம்.

2012இல் ஐகான் இந்தக் கதவை அகலத் திறந்தது. ஒரு பெயருக்கு 1,85,000 டாலர் கட்டினால் எவரும் புதிய பின்னொட்டுக் கேட்கலாம் என்றது. 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. அடுத்த சுற்றுக்கான விண்ணப்பக் காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்டு 12 வரை என்று அறிவிக்கப்பட்டது. கட்டணம் 2,27,000 டாலர்; நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய்.

*

முதல் சுற்றில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள ஆலைப் பலகைகளைப் படித்தால் போதும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், டெல். ஒரகடத்தில் நிசான் 2010இல் ரெனோவோடு சேர்ந்து தொடங்கிய கார் ஆலை. அதே ஒரகடத்தில் கோமாட்சு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படும் கைப்பேசி ஆப்பிளுடையது. இவற்றுள் ஹூண்டாய், சாம்சங், டெல், நிசான், கோமாட்சு, ஆப்பிள் ஆகிய பெயர்கள் 2012 சுற்றில் விண்ணப்பித்துப் பெற்ற தனிப் பின்னொட்டுகள். டாட் ஹூண்டாய் உண்டு. டாட் சாம்சங், டாட் நிசான், டாட் ஆப்பிள் எல்லாம் உண்டு. சிப்காட் நிலம் 99 ஆண்டுக் குத்தகை. இந்தப் பெயர்கள் பத்துப் பத்தாண்டு ஒப்பந்தம், புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சாம்சங் உரோமன் எழுத்தோடு நிற்கவில்லை. கொரிய எழுத்திலும் தன் பெயரைக் கேட்டுப் பெற்றது. நோக்கியா சீன எழுத்தில் தன் பெயரைக் கேட்டுப் பெற்றது. சீனச் சந்தைக்குச் சீன எழுத்து வேண்டும் என்று தெரிந்த அந்நிறுவனத்துக்கு, தன் மாபெரும் ஆலை நின்ற மண்ணின் எழுத்து நினைவுக்கு வரவில்லை. இதற்காக நிறுவனங்களின்மேல் எனக்குக் கோபமில்லை. வணிகர் சந்தையைப் பார்ப்பார். நம் எழுத்து ஒரு சந்தையாகக்கூட அவர்கள் கண்ணில் படவில்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

நோக்கியாவிடமிருந்து இன்னொரு பாடமும் உண்டு. 2006இல் இங்கே தொடங்கிய அந்த ஆலை, ஆயிரக்கணக்கான இளம்பெண்களைக் கிராமங்களிலிருந்து பேருந்தில் அழைத்துவந்த அந்த ஆலை, 2014 நவம்பர் 1ஆம் நாள் மூடப்பட்டது. வேலை போயிற்று, பேருந்து போயிற்று. இணைய வேரில் நோக்கியா என்ற பெயர் மட்டும் அசையாமல் இருக்கிறது. ஒரகடத்து நிசானும் 2025இல் அந்த ஆலையில் தனக்கிருந்த பங்கை ரெனோவிடம் விற்று விலகியது. டாட் நிசான் விலகவில்லை. ஆலை வரும், போகும். பெயரைப் பிடித்தவர் விடமாட்டார். பெயரின் அருமை அவர்களுக்குத் தெரிகிறது. பெயரைப் பற்றியே இரண்டாயிரம் ஆண்டு கவிதை எழுதிய நமக்குத் தெரியவில்லை.

நிசானின் கதையை இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உசி நிசான் என்றொரு கணினி வணிகர் இருந்தார். நிசான் என்பது அவர் குடும்பப் பெயர். 1994இல் ‘நிசான் டாட் காம்’ என்ற முகவரியைத் தன் தொழிலுக்காகப் பதிவுசெய்தார். 1999இல் கார் நிறுவனம் அவர்மீது ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. ஆண்டுக்கணக்கில் வழக்காடினார், சொத்தையெல்லாம் அதில் கரைத்தார், பெயரை மட்டும் விடவில்லை. 2020இல் கொரோனா தொற்றில் இறந்தார். வழக்காடியும் புள்ளிக்கு முன்னால் உள்ள பெயரைப் பெற முடியாத நிறுவனம், 2012இல் கட்டணம் கட்டிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இடத்தையே வாங்கிக்கொண்டது. உலகில் நிசான் என்ற குடும்பப் பெயருடையோர் எத்தனை பேர் இருந்தாலும் அந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு சாண் கிடையாது.

*

‘நிறுவனம் தன் பெயரைத் தானே வாங்குகிறது, மொழிப்பெயருக்கு என்ன ஆபத்து?’ என்று கேட்கலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஐகானின் விதிகளில் இடப்பெயருக்குப் பாதுகாப்பு உண்டு. நாடுகளின் பெயர்களும், நாடுகளின் உட்பிரிவுகளுக்கான பன்னாட்டுத் தரப்பட்டியலில் உள்ள மாநில, மாகாணப் பெயர்களும் அப்பாதுகாப்பில் அடங்கும். டாடா குழுமம் தன் பெயரைப் பின்னொட்டாகக் கேட்டபோது, டாடா என்பது மொராக்கோவில் ஒரு மாகாணத்தின் பெயர் என்று தடை வந்தது. ‘டாடா மோட்டார்ஸ்’ வேரில் ஏறியது, ‘டாடா’ ஏறவில்லை. இதே விதியால் ‘தமிழ்நாடு’ என்ற பெயரும் காக்கப்படுகிறது. நம் அரசின் ஒப்புதல் கடிதம் இன்றி அதை யாரும் கேட்க முடியாது.

‘தமிழ்’? அது மாநிலம் அன்று, மாகாணமும் அன்று. மொழிப்பெயருக்கு அத்தகைய காப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. மொராக்கோவின் ஒரு மாகாணத்துக்கு உள்ள அரண் தொல்காப்பியத்தின் மொழிக்கு இல்லை. கட்டணம் கட்டத் துணிந்த எந்தப் பதிவக நிறுவனமும், அது டப்ளினில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும், ‘.தமிழ்’ கேட்டு விண்ணப்பிக்கலாம். எவர் வீட்டுக் கதவையும் தட்டி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பட்டியலில் இல்லாத பெயருக்கு என்ன ஆகும் என்பதை அமேசான் கதை காட்டும். அமேசான் நிறுவனம் அந்தப் பின்னொட்டைக் கேட்டபோது பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அது எங்கள் ஆற்றின் பெயர், எங்கள் காட்டின் பெயர் என்றன. 2014இல் ஐகான் விண்ணப்பத்தை மறுத்தது. நிறுவனம் விடவில்லை. மறுஆய்வு, நடுவர் குழு, பேச்சுவார்த்தை என்று இழுத்து 2019இல் இசைவு பெற்றது. 2020இல் பெயர் வேரில் ஏறியது. இறையாண்மை உள்ள அரசுகள் பல ஆண்டுகள் நின்று போராடியும் பெயர் நிறுவனத்துக்கே போயிற்று.

இந்திய அரசுக்கு எதிர்க்கத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. கிரைஸ்லர் நிறுவனம் தன் வண்டிப் பெயரான ‘ராம்’ என்பதைக் கேட்டபோதும், ரிலையன்ஸ் ‘இந்தியன்ஸ்’ என்பதைக் கேட்டபோதும் டெல்லி தன் மறுப்பைப் பதிவுசெய்தது. இரண்டும் வேரில் ஏறவில்லை. ராமனுக்காகப் பேச ஆள் இருந்தது. தமிழுக்காக யார் பேசுவார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடையில்லை.

ஒரே பெயரை இருவர் கேட்டால் முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முதல் சுற்றில் சொன்னார்கள். சமூக அமைப்பு என்று மெய்ப்பிப்பவருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் முதல் சுற்றில் அதற்குப் பதினாறுக்குப் பதினான்கு மதிப்பெண் வேண்டியிருந்தது. அதில் தவறினால் ஏலம். ‘ஆப்’ என்ற பெயரை 2015இல் கூகுள் இரண்டரைக் கோடி டாலருக்கு எடுத்தது. ‘ஷாப்’ 2016இல் நாலு கோடியே பதினைந்து இலட்சம் டாலருக்குப் போனது. அதே ஆண்டு ‘வெப்’ என்ற மூன்றெழுத்துக்குப் போட்டியிட்டவர்கள் ஏழு பேர். ஏலம் 13 கோடியே 50 இலட்சம் டாலரில் நின்றது. வென்ற சிறு நிறுவனத்துக்குப் பின்னால் டாட் காமை நடத்தும் வெரிசைன் பணம் கொடுத்து நின்றது பின்னரே வெளிப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இந்தக் களத்தில் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் ஒருவர் பொன்னாடையோடு போய் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

*

சரி, ஒரு நிறுவனம் நடத்தினால்தான் என்ன? இந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதலாவது, விலை. புதிய பின்னொட்டுகளில் பதிவகம் வைத்ததே விலை, உச்சவரம்பு இல்லை. நல்ல சொற்களை முன்கூட்டியே ஒதுக்கிவைத்து ‘சிறப்புப் பெயர்’ என்று கூடுதல் விலைக்கு விற்பது இத்தொழிலின் வழக்கம். ‘.தமிழ்’ வந்தால் அந்தச் சிறப்புப் பெயர்ப் பட்டியலில் எவை இருக்கும்? கவிதை, குறள், கம்பன், நூலகம், இசை. கம்பனைப் பற்றி எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரால் ‘கம்பன்.தமிழ்’ வாங்க முடியாது. திருமண மண்டபம் நடத்துபவர் வாங்குவார்.

இரண்டாவது, கைமாற்றம். தொண்டு அமைப்புகளுக்கென்று நாம் நம்பிய டாட் ஓஆர்ஜி பின்னொட்டை நடத்தும் அமைப்பையே 2019இல் ஒரு முதலீட்டு நிறுவனம் 113 கோடி டாலருக்கு வாங்க முயன்றது. உலகெங்கும் தொண்டு அமைப்புகள் கூக்குரலிட்ட பிறகே, 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அதற்கு இசைவு மறுத்தது. பொதுநல அமைப்பின் கையில் இருந்ததற்கே அந்த நிலை. தொடக்கம் முதலே தனியாரிடம் இருப்பது கைமாறினால் கூக்குரலிடவும் நமக்கு உரிமை இராது.

மூன்றாவது, நினைவு. இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தடியிலும் ராயர் காப்பி கிளப்பிலும் நடந்த உரையாடல்கள் யாகூ குழுமங்களில் இருந்தன. 2019-20இல் யாகூ அந்தக் கிடங்கை அழித்து மூடியது. அதற்கு முன் 2009இல் ஜியோசிட்டீசை மூடியபோது எத்தனை தமிழ்ப் பக்கங்கள் போயின என்று கணக்கெடுத்தவர் இல்லை. வாடகை வீட்டில் எழுதிய சுவரெழுத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கும்வரைதான். மொழியின் பெயரிலேயே ஒரு தெரு வந்து, அதுவும் வாடகைத் தெருவானால் நாம் கற்றது ஒன்றுமில்லை.

*

நான்காவது காரணம் என் பாடத்துறையைச் சார்ந்தது. எனக்கு இதுவே முதன்மையானது. பதிவகம் நடத்துபவருக்கு எழுத்துத் தெரிய வேண்டும்.

வேர்ப் பட்டியலில் முதன்முதலாக ஏறிய தமிழ்ச் சொல் எது என்று தெரியுமா? 2007இல் ஐகான் பிற எழுத்துகளில் பெயர்கள் இயங்குமா என்று பார்க்கப் பதினொரு சோதனைப் பின்னொட்டுகளை ஏற்றியது. அவற்றுள் தமிழ்ச் சொல் ‘பரிட்சை’. ஆம், ரகரத்துக்குக் குறில். நாம் நெடிலிட்டுப் பரீட்சை என்று எழுதிப் பழகிய சொல். ‘தேர்வு’ என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை. 2013இல் நீக்கப்படும்வரை அது அப்படியே இருந்தது. உலக இணையத்தின் வேரில் நம் மொழி எழுதிய முதல் பரீட்சையிலேயே எழுத்துப் பிழை. வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமான சிக்கல்கள் உண்டு. ஔவை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஔ’ ஒரே எழுத்து. ஆனால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் பார்வைக்கு அதே உருவம் வருகிறது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. ஆக, ஔவையின் பெயரில் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு முகவரிகளை இரு வேறு ஆட்கள் வாங்கலாம். ஒருவர் நூலகம் நடத்த, மற்றவர் சூதாட்டம் நடத்த. தமிழ் எண் ஏழும் எகர உயிரும் கண்ணுக்கு ஒன்றே.

நம் ஸ்ரீபெரும்புதூரின் முதலெழுத்திலேயே இந்த வினை இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்திலிருந்தும் உருவாக்கலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்திலிருந்தும் உருவாக்கலாம். திரையில் வேற்றுமை தெரியாது. இந்தப் பகுதி ஆலைகளில் வேலை தேடி வேலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் வேலைவாய்ப்பு என்ற பெயரில் இரட்டை முகவரி ஒன்று நாளை முளைத்து, முன்பணம் கட்டு என்று கேட்டால், எது மெய், எது போலி என்று அந்தப் பிள்ளை எந்த எழுத்தைப் பார்த்து அறியும்? இரண்டு வடிவத்தையும் ஒன்றெனப் பூட்டி ஒருவருக்கே தர வேண்டும் என்று விதி எழுதுவதற்குத் தமிழ் எழுத்தின் இயல்பு தெரிந்தவர் பதிவகத்தில் அமர வேண்டும். வேர்ப் பட்டியலுக்கான எழுத்து விதிகளை வகுக்க இந்திய எழுத்துகளுக்கென ஒரு வல்லுநர் குழு உழைத்திருக்கிறது. ஆனால் பின்னொட்டுக்கு உள்ளே விற்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் நாள்தோறும் காவல் பதிவகத்தின் பொறுப்பு. விற்ற பெயரின் எண்ணிக்கையால் இலாபம் காண்பவர், ஒரே உருவுடைய இரண்டு பெயர்களை இருவருக்கு விற்காமல் விடுவார் என்று நம்புவதற்கு நான் அவ்வளவு வெள்ளந்தி அல்லன்.

*

இனி மறுப்புகள்.

‘தமிழ் முகவரியை யார் பயன்படுத்துகிறார்கள்?’ உண்மைதான், மிகச் சிலரே. வேரில் தமிழ் எழுத்தில் இன்று மூன்று பின்னொட்டுகள் உண்டு: இலங்கை, இந்தியா, சிங்கப்பூர். மூன்றும் நாட்டுப் பெயர்கள்; அவற்றுள் முந்தியது இலங்கை, 2010இல். நாம் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாடு நடத்தி, கூடவே இணைய மாநாடும் நடத்திய அதே ஆண்டு. இந்த முகவரிகள் ஏன் புழங்கவில்லை? என் மாணவர் ஒருவர் தமிழ் எழுத்தில் மின்னஞ்சல் முகவரி வாங்கி, ஒரு நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்தில் இட்டார். ‘முகவரி செல்லாது’ என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. பூட்டிய கதவைக் காட்டி, யாரும் உள்ளே வருவதில்லை பாருங்கள் என்பது என்ன நியாயம்? கடைப் பலகையில் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிறமொழிக்கு இரண்டு என்று விதி வைத்திருக்கும் மாநிலம் இது. தெருப் பலகைக்கு உள்ள விதியின் நிழல்கூட இணையப் படிவத்தின் பக்கம் விழவில்லை.

‘அரசிடம் கொடுத்தால் தூசி படியும்.’ இதை நான் மறுக்கப் போவதில்லை. நம் தமிழ் நிறுவனங்களின் வலைத்தளங்களைத் திறந்து பார்த்தவர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் தரிசாகக் கிடக்கும் மேய்க்கால் புறம்போக்கை நாளை ஒருவர் உழலாம். பட்டா மாறிப்போன நிலத்தை உழ முடியாது. ஒரகடத்துக்காரர்களுக்கு இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும்.

‘தனியார் போட்டி இருந்தால்தான் தரம் இருக்கும்.’ இங்கேதான் பலர் இரண்டு போட்டிகளைக் குழப்புகிறார்கள். டாட் இன் பின்னொட்டைப் பாருங்கள். உரிமை நிக்சி என்னும் இந்திய அமைப்பிடம் இருக்கிறது. கணினிகளை ஓட்டும் தொழில்நுட்பப் பணி மட்டும் ஒப்பந்தத்துக்கு விடப்படுகிறது. 2005 முதல் அயர்லாந்தின் அஃபிலியாஸ் அப்பணியைச் செய்தது. 2018இல் நடந்த ஒப்பந்தப்புள்ளியில் அமெரிக்காவின் நியூஸ்டார் குறைந்த விலை கேட்டு வென்றது. அஃபிலியாஸ் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. 2019இல் பணி கைமாறியது. 2020இல் நியூஸ்டாரின் பதிவகத் தொழிலை கோடாடி வாங்கியது. பிறகு நடந்த போட்டியில் கனடாவின் டூகவ்ஸ் வென்று 2025இல் பொறுப்பேற்றது. இத்தனை பேர் மாறியும் டாட் இன் முகவரி வைத்திருக்கும் எவருடைய பெயரும் பறிபோகவில்லை. காரணம், அவர்கள் போட்டியிட்டது வேலைக்கு, உரிமைக்கு அன்று. வேலைக்குப் போட்டி இருக்கட்டும். எவர் குறைந்த விலையில் நன்றாகச் செய்கிறாரோ அவர் செய்யட்டும். கோயில் திருப்பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரலாம். கோயிலுக்கே கோர முடியாது.

*

பிறர் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். காட்டலான் மொழிக்கான ‘கேட்’ பின்னொட்டு 2005இல் இசைவு பெற்றது. அதை நடத்துவது அம்மொழிக்கென அமைந்த ஓர் அறக்கட்டளை. பாஸ்க் மொழி பேசுவோர் பத்து இலட்சத்துக்கும் குறைவு. அவர்களுக்குப் பின்னொட்டு உண்டு. கலீசியருக்கு உண்டு, பிரெத்தோனியருக்கு உண்டு, தாத்தாருக்கு உண்டு, வேல்சுக்காரர்களுக்கு இரண்டு உண்டு. எட்டுக் கோடி என்று மார்தட்டும் நமக்கு இல்லை. அரசுச் சார்பில்லாத அறக்கட்டளை ஏன் வேண்டும் என்பதற்கும் காட்டலானே சான்று: 2017 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு நெருக்கடியின்போது ஸ்பெயின் காவல்துறை அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் சோதனையிட்டது. ஆகவே பெயர் அரசின் சட்டைப்பையிலும் இருக்கக் கூடாது; பல நாட்டுத் தமிழருக்கும் இடமுள்ள பொது அறக்கட்டளையாக அது அமைய வேண்டும்.

எச்சரிக்கையும் உண்டு. ‘ஆப்ரிக்கா’ பின்னொட்டுக்கு இரு அமைப்புகள் கண்டத்தின் பெயரால் மோதிக்கொண்டன. 2012இல் கேட்ட பெயர் 2017இல்தான் வேரில் ஏறியது. சங்கம் தொடங்கிய ஆறாம் மாதம் இரண்டாகப் பிளப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். இரண்டு தமிழமைப்புகள் தனித்தனியே கேட்டு ஏலத்தில் நின்றால், வெல்பவர் மூன்றாமவர்.

பணமில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டாலர் திரட்டினோம். தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் தந்தது. அந்த இருக்கையை நான் குறை கூறவில்லை. ஆனால் அதற்கு அரசு தந்ததில் ஐந்தில் ஒரு பங்கு இந்த விண்ணப்பத்துக்குப் போதும். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கட்டணத்தில் 75 முதல் 85 விழுக்காடுவரை ஐகான் சலுகை அறிவித்திருந்தது. அதைக் கேட்பதற்கான காலம் 2025 இறுதியோடு முடிந்தது. நம் தமிழ்ச் சங்கங்களில் எத்தனைக்கு அந்தச் செய்தி எட்டியது? பட்டிமன்றத் தலைப்பாகவாவது எட்டியிருக்கலாம்.

செய்ய வேண்டியவை மூன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம், உத்தமம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழமைப்புகள் ஆகியவை சேர்ந்து ஒரே விண்ணப்பதாரராக நிற்கும் அறக்கட்டளை ஒன்றை நிறுவ வேண்டும். இந்தச் சுற்று தவறினாலும் அடுத்த சுற்றுக்கு அது ஆயத்தமாக இருக்கும். எந்த நிறுவனமாவது ‘.தமிழ்’ என்றோ அதன் உரோமன் வடிவத்தையோ கேட்டால், சமூகத்தின் பெயரால் எதிர்ப்பு மனு இடுவதற்கு ஐகான் விதிகளில் வழி உண்டு. அதற்கான பணத்தையும் வழக்கறிஞரையும் இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும். ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்கு ஒப்புதல் கடிதம் கேட்டு எவர் வந்தாலும், உரிமை அரசிடம், பணி மட்டுமே உம்மிடம் என்று எழுதி வாங்காமல் கையெழுத்திடக் கூடாது.

இணையத்தில் தமிழை முதலில் ஏற்றியவர்களுள் ஒருவர் சிங்கப்பூர்ச் சிறுகதையாளர் நா. கோவிந்தசாமி. ‘இணையம்’ என்ற சொல்லையும் அவரே ஆக்கினார் என்பர். ஓர் எழுத்தாளர் கணினி அறிஞர்களோடு அமர்ந்து அந்த வேலையைச் செய்தார். இது என் துறை அன்று என்று அவர் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், மறைவாகக் கேட்ட மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது வைணவ மரபு. அவர் பிறந்த ஊரைச் சுற்றி இன்று எல்லாப் பெயருக்கும் உரிமையாளர் உண்டு. உரிமையாளர் இல்லாமல் எஞ்சியிருப்பது தமிழ் என்ற பெயர் ஒன்றுதான். அது எல்லோருடையதாகவும் இருப்பதால் இதுவரை உரிமையாளர் இல்லை. கேட்பாரற்றது என்று பிறர் எண்ணிவிடுவதற்கு முன் நாம் கேட்டாக வேண்டும்.